பழைய வீட்டின் காற்றுவழி

ஓட்டு வீட்டைப் பழுதுபார்க்க ஆள் கூப்பிட்டால், கம்பம் பள்ளத்தாக்கில் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எங்கும் பெரும்பாலும் ஒரே யோசனைதான் கிடைக்கும்: பிரித்துப் போட்டுவிட்டுக் காங்கிரீட் போட்டுவிடலாம். அந்தப் பள்ளத்தாக்கின் சுருளிப்பட்டி போன்ற ஓர் ஊரின் பழைய வீட்டில் குறைகளுக்குப் பஞ்சமிருக்காது. அடுப்படியில் புகை தங்குகிறது, படுக்கும் அறையில் புழுக்கம், வெண்டிலேட்டரில் குருவிக்கூடு, புகைக்கூண்டில் விரிசல், சுவரின் மேல்மூலையெல்லாம் கரி. இத்தனையும் சேர்ந்து ‘வீடு பழசாகிவிட்டது’ என்ற ஒற்றைத் தீர்ப்பாகிவிடுகின்றன. தீர்ப்பு சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: காற்று எந்த இடத்தில் நிற்கிறது? வயதை மட்டும் காரணமாக வைத்துக் காற்றுவழியை மாற்றுவது பெரும்பாலும் வீண்செலவு. பழுது எங்கே என்று தெரிந்துகொண்டு பார்த்தால், பல வீடுகளில் மாற்ற வேண்டியது காற்றுவழியே அல்ல, அதன் ஒரு முனையில் இருக்கும் வேறொன்று என்பது புலப்படும்.

பழைய ஓட்டு வீட்டில் காற்றுவழி என்று தனியாக ஒரு குழாய் கிடையாது. வீடு முழுவதுமே ஒரு காற்றுவழி. வாசலிலும் ஜன்னலிலும் தாழ்வாக நுழையும் காற்று, ஆட்கள், அடுப்பு, வெயில் பட்ட சுவர் ஆகியவற்றால் சூடேறி மேலே போய், கூரைக்குக் கீழே சுவரில் விட்ட வெண்டிலேட்டர் வழியாகவும், ஓடுகளின் இடுக்குகள் வழியாகவும் வெளியேறுகிறது. நாட்டு ஓடு வேய்ந்த கூரையில் இந்த இடுக்குகள் எக்கச்சக்கம். மங்களூரில் 1865-ல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய சீமை ஓடு ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் வகை. மழையை நன்றாகத் தடுக்கும், காற்றை முழுதாக அடைக்காது. முற்றம் வைத்த வீடுகளில் வேலை இன்னும் எளிது, நடுவில் திறந்த வானமே வெளியேறும் வழி. இதில் எதுவும் மாயமில்லை, எதுவும் தானாக நடப்பதுமில்லை. காற்று நகர மூன்று வேண்டும்: உள்ளே வர ஒரு திறப்பு, வெளியே போக ஒரு திறப்பு, இரண்டுக்கும் இடையே தள்ளிவிடும் ஓர் அழுத்த வேறுபாடு. மூன்றில் ஒன்று போனாலும் மற்ற இரண்டும் இருந்து பயனில்லை.

இந்த அழுத்த வேறுபாடு எவ்வளவு சிறியது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பழைய வீட்டின் பலமும் பலவீனமும் அந்தச் சிறுமையில்தான் இருக்கின்றன. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஓர் அறை. கீழே ஒரு சதுர அடித் திறப்பு, மேலே 3 மீட்டர் உயரத்தில் அதே அளவில் இன்னொன்று. உள்ளே வெளியைவிட 4 டிகிரி கூடுதல் சூடு. இயற்பியல் சூத்திரப்படி மணிக்கு ஏறக்குறைய 125 கன மீட்டர் காற்று அதன் வழியே போகும். அறையின் கொள்ளளவு 36 கன மீட்டர். ஆக மணிக்கு மூன்று முறைக்கு மேல் அறைக்காற்று முழுவதும் மாறுகிறது. மின்சாரம் ஒரு பைசாவுக்குக்கூடத் தேவையில்லை. இது போதுமா? ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858-ல் ஓர் அளவுகோல் சொன்னார்: அறைக்காற்றில் கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அது கெட்ட காற்று. அந்த அளவு இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. தூங்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கரியமில வாயு வெளிவிடுகிறார் என்று வைத்தால், அவருக்குப் பெட்டன்கோஃபர் எல்லைக்குள் நிற்க மணிக்கு 20 கன மீட்டர் வெளிக்காற்று வேண்டும். நான்கு பேருக்கு 80. வெண்டிலேட்டர் தருவதோ 125. ஆகவே கணக்குப்படி அந்தப் பழைய ஓட்டைக்குக் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் கீழே ஜன்னலைச் சாத்திவிட்டால், அல்லது மேலே பழைய துணியைத் திணித்துவிட்டால், அதே சூத்திரம் சுழியத்தைக் காட்டும். வீட்டுக்காரருக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்: புழுக்கம்.

அடுப்படிக்கு வந்தால் கணக்கு வேறு. 3 மீட்டர் உயரப் புகைக்கூண்டின் உள்ளே 150 டிகிரி, வெளியே 30 டிகிரி என்றால் அது உண்டாக்கும் இழுவிசை சுமார் 10 பாஸ்கல். ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் அவ்வளவுதான். இவ்வளவு மெல்லிய விசையை நம்பி நிற்கும் குழாயில் கரி படிந்தால் என்ன ஆகும்? 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயின் உட்சுவரில் சுற்றிலும் 2 சென்டிமீட்டர் கரி படிந்தால் விட்டம் 11 ஆகிறது. பரப்பு ஏறத்தாழப் பாதியாகிறது. உராய்வையும் சேர்த்தால் வெளியேறும் புகையின் அளவு பாதிக்கும் கீழே இறங்குகிறது. குழாய் பழசானதால் அல்ல, ஒரு கழியில் துணி சுற்றி யாரும் துடைக்காததால். அடுத்தது காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களைப் பிளந்துகொண்டு தேனி மாவட்டத்துக்குள் பாய்கிறது. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சுவரில் மோதும்போது தரும் அழுத்தம் சுமார் 37 பாஸ்கல், அதாவது நம் புகைக்கூண்டின் இழுவிசையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. கூண்டின் வாய் கூரை முகட்டுக்குக் கீழே இருந்தால் ஆடி மாதம் முழுக்கப் புகை திரும்பி அடுப்படிக்குள்தான் வரும். கூண்டை இடித்துப் புதிதாகக் கட்டினாலும் அதே உயரத்தில் கட்டினால் அடுத்த ஆடியிலும் அப்படியே. முகட்டுக்கு மேலே உயர்த்தி ஒரு தொப்பி போட்டால் பழைய கூண்டே வேலை செய்யும்.

இதே சிக்கல் கடல்கடந்தும் இருக்கிறது, அங்கே வேறு உடையில். அமெரிக்க வீடுகளில் ஒரே இயந்திரம் காற்றைச் சூடாக்கியோ குளிராக்கியோ தகரக் குழாய்கள் வழியாக எல்லா அறைகளுக்கும் அனுப்புகிறது. குழாய்கள் பரணிலும் தரைக்கு அடியிலும் ஒளிந்துகிடக்கும். முப்பது நாற்பது ஆண்டு ஆனதும் எல்லோரும் கேட்கும் கேள்வி, மாற்றுவதா வேண்டாமா என்பதே. அந்நாட்டு அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம் சொல்லும் கணக்கு, ஒரு சராசரி வீட்டில் குழாய்களில் போகும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் ஓட்டைகளிலும் சரியாகச் சேராத இணைப்புகளிலும் வீணாகிறது என்பது. கவனிக்க வேண்டியது, வீணாவது ஓட்டைகளிலும் இணைப்புகளிலும், குழாயின் வயதால் அல்ல. இன்னொரு வேடிக்கை: குழாய் ஒட்டுவதற்கென்றே பெயர் வாங்கிய துணி டேப்பை லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் 1998-ல் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். சோதித்த மற்ற பொருள்களெல்லாம் தாக்குப்பிடிக்க, அந்த டேப்தான் மோசமாகத் தோற்றது. குழாயைச் சுத்தம் செய்ய ஆள் அழைக்க வேண்டுமா என்ற கேள்விக்கு அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை தரும் பதிலும் நிதானமானது: வழக்கமாகச் சுத்தம் செய்வதால் நோய் தடுக்கப்படும் என்று நிறுவப்படவில்லை, கண்ணுக்குத் தெரியும் பூசணம், எலி பூச்சித் தொல்லை, அடைத்துக்கொள்ளும் அளவுக்குத் தூசி ஆகியவை இருந்தால் மட்டும் செய்யுங்கள். குழாய் விற்பவருக்கு இந்தப் பதில் பிடிக்காது. நம் ஊரில் சிமெண்ட் விற்பவருக்கும் பிடிக்காது என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். துடைத்தால் போதும், உயர்த்தினால் போதும் என்பதெல்லாம் சரி, யார் துடைப்பது? துடைக்கத் தேவையில்லாத புதிய ஏற்பாடு ஒன்றைச் செய்துவிடுவது நல்லதல்லவா? இந்த மறுப்புக்கு வலுவான சான்றும் உண்டு. ஒடிசாவின் 44 கிராமங்களில், சுமார் 2,600 குடும்பங்களில், புகைபோக்கி வைத்த மண் அடுப்பைக் கொடுத்து ரீமா ஹன்னா, எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் நான்கு ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தார்கள். முதல் ஆண்டில் சமைக்கும் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு அந்தப் பலன் கரைந்துபோனது. நுரையீரல் நலத்தில் முன்னேற்றம் இல்லை, விறகுச் செலவிலும் மிச்சமில்லை. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பராமரிக்கவில்லை, போகப்போகக் கைவிட்டார்கள். நாடு முழுவதும் 1983-க்குப் பின் அரசு பரப்பிய மேம்பட்ட அடுப்புகளில் பலவற்றுக்கும் இதே கதிதான். ஆனால் இந்தச் சான்றைப் புதிதாக மாற்றுவதற்கு ஆதரவாகப் படிப்பது தலைகீழ்ப் பாடம். ஒடிசாவில் கொடுத்தது புதிய பொருள். புதியது என்பதால் அது தப்பவில்லை. துடைக்க ஆளில்லாத வீட்டில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினாலும் இரண்டு ஆண்டில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி இறக்கைகள் கனத்து, மடல்கள் திறக்காமல், சத்தம் மட்டும் மிஞ்சும். போதாததற்கு, காற்று உள்ளே வரக் கீழே வழிவிடாமல் கதவைச் சாத்திவிட்டு ஃபேனைப் போட்டால் அது எங்கிருந்து இழுக்கும்? பக்கத்துக் குளியலறையிலிருந்தும் சாக்கடை வாயிலிருந்தும் இழுக்கும்.

பராமரிப்பைவிட முக்கியமான இன்னொரு செய்தியும் உண்டு. விறகடுப்பின் புகை அளவுக்கு, சிறு புகைபோக்கி ஈடுகொடுப்பது கடினம். காற்றுவழியை எவ்வளவு மாற்றினாலும், உள்ளே வருவதன் அளவு அப்படியே இருந்தால் தோல்விதான். தமிழ்நாட்டிலேயே இதற்கு அளந்த சான்று உண்டு. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகியவற்றோடு இந்தியாவையும் சேர்த்து 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்த பன்னாட்டு ஆய்வில், இந்தியப் பங்கை சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் நடத்தியது. விறகு எரித்தவர்கள் சுவாசித்த நுண்துகள், நான்கு நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், கன மீட்டருக்கு 70 மைக்ரோகிராம் அளவில் இருந்தது. கேஸ் அடுப்பும் சிலிண்டரும் கொடுக்கப்பட்டவர்களுக்கு அது 24-க்கு இறங்கியது. பிறந்த குழந்தைகளின் எடையில் வேறுபாடு தெரியவில்லை என்று 2022-ல் அவர்களே வெளியிட்டார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை, உலக சுகாதார நிறுவனத்தின் ஆண்டு எல்லை 5 மைக்ரோகிராம் என்பதால் 24-கூட அதிகம்தான். ஆனால் கூண்டு கட்டி மட்டும் எளிதில் கிடைக்காத இறக்கம் அது. ஆகவே அடுப்படியில் புகை என்ற குறைக்கு முதல் செலவு கூரையில் அல்ல, அடுப்பில். கேஸ் இணைப்பு இருந்தும் வெந்நீருக்கும் சோளம் அவிக்கவும் விறகைத் தொடரும் வீடுகளில், அந்த விறகடுப்பைச் சுவருக்கு வெளியே ஒரு சார்ப்புக்குக் கொண்டுபோனாலே உள்ளிருக்கும் வெண்டிலேட்டர் மீதி வேலைக்குப் போதும்.

திறப்புகளை அப்படியே வைக்கலாம் என்றால் கொசு வருமே என்பது அடுத்த மறுப்பு, லேசாகத் தள்ள முடியாதது. காம்பியாவில் வீடுகளுக்கு வலையடித்து நடத்திய ஆய்வு 2009-ல் வெளியானது. மலேரியா பரப்பும் கொசுவின் வரவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வலையடிக்காத வீடுகளின் குழந்தைகளில் 19 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்தது, வலையடித்த வீடுகளில் 12 சதவீதத்தினருக்கு. கூரைக்கும் சுவருக்கும் இடைப்பட்ட சந்து கொசுவுக்கு ராஜபாட்டை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் அடித்தது வலை. செங்கலும் சிமெண்டும் அல்ல. வலையின் நூல்களே பரப்பில் கணிசமான பங்கை அடைத்துக்கொள்வதால், வலையடிக்கும்போது திறப்பைப் பெரிதாக்குவதுதான் முறை. நம் ஆட்கள் வலையடித்து, அதையும் தூசியேற விட்டுவிட்டு, காற்று வரவில்லை என்கிறார்கள். சுருளிப்பட்டிக்கு மட்டும் உரிய மறுப்பு ஒன்றும் உண்டு. மேகமலை அடிவாரத்தில், 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைப் பந்தல்களுக்கு நடுவில் இருக்கும் ஊர் இது. ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு தோட்டத்தில் காய் இருப்பதால், ஏதோ ஒரு தோட்டத்தில் மருந்தடிப்பும் இருக்கும். சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பல் நோய்க்கும் அடிக்கும் மருந்தின் சாரல் வெளிக்காற்றோடு வீட்டுக்குள் வராதா? வரும். அதற்கு நாளெல்லாம் அடைத்து வைப்பது தீர்வல்ல. மூடித் திறக்கும்படி அமைப்பது தீர்வு. தோட்டத்தைப் பார்த்த சுவரில் நிரந்தர ஓட்டைக்குப் பதில் கயிறு இழுத்தால் சாத்தும் பலகை வைத்தால் மருந்தடிக்கும் சில மணி நேரம் மூடி, பிறகு திறக்கலாம். இந்த ஒரு மாற்றத்தை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஏசி பற்றிய மறுப்பு இன்னும் சிக்கலானது, இயற்பியலே கட்சி மாறிவிடுகிறது. கோடை முன்போல் இல்லை, ஏசி வைக்காமல் தூங்க முடியாது, ஏசி வைத்தால் வெண்டிலேட்டரை அடைத்தே ஆக வேண்டும் என்கிறார்கள். பாதி உண்மை. ஏசி ஓடும்போது உள்ளே வெளியைவிடக் குளிர்ச்சி. கனத்த குளிர்காற்று கதவிடுக்கில் கீழே ஒழுக, மேலே வெண்டிலேட்டர் வழியாகச் சூடான காற்று உள்ளே இறங்கும். மேலெழுந்து வெளியேறிய பழைய ஓட்டம் அப்படியே திசை திரும்பிவிடுகிறது. எனவே அடைக்கிறார்கள். அடைத்தபின் என்ன ஆகிறது? வீடுகளில் மாட்டும் ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. இருக்கிற காற்றையே சுற்றிவிட்டுக் குளிர்விக்கிறது. மேலே சொன்ன 36 கன மீட்டர் அறை முழுக்க அடைபட்டிருந்தால், நான்கு பேர் தூங்கும்போது கரியமில வாயு ஒரு மணி நேரத்துக்குள் பத்து லட்சத்தில் 1,300 பங்கு ஏறும். பெட்டன்கோஃபர் எல்லையான 1,000-ஐ அரை மணிக்குள் தாண்டிவிடும். காலையில் தலைபாரத்தோடு எழுந்து ஏசியின் பிராண்டைக் குறைசொல்வதில் அர்த்தமில்லை. மலையடிவாரத்தில் பின்னிரவில் சரிவிலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று இருக்கும்போது, முன்னிரவில் ஏசி, பிறகு அதை நிறுத்திவிட்டுப் பலகையைத் திறப்பது என்பது அந்தப் பழைய வெண்டிலேட்டர் இருந்தால்தான் முடியும். செங்கல் வைத்து அடைத்த வீட்டில் அந்தத் தேர்வே இல்லை.

அப்படியானால் மாற்றவே கூடாதா? கூடாது என்றில்லை. கரையான் தின்ற உத்தரமும் உளுத்துப்போன ரீப்பரும் தாங்காத கூரையைக் காற்றோட்டத்தின் பெயரால் காப்பாற்றுவது முட்டாள்தனம். பக்கத்து மனையில் மாடி எழும்பி, வீட்டை ஒட்டிச் சுவர் வந்து, வெண்டிலேட்டர் பார்த்த வெளி போய்விட்டால், அதைத் துடைத்துப் பயனில்லை; தெருக்கள் மாடி வீடுகளாக மாறிவரும் ஊர்களில் பழைய வீடு மூச்சுத் திணறுவதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அங்கே திறப்பைக் கூரைக்கே ஏற்ற வேண்டும். புகைக்கூண்டாக ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய் வைத்த வீடுகளில் விஷயம் வேறு. ஆஸ்பெஸ்டாஸ் நார் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான ஒன்று. அமெரிக்காவின் பழைய குழாய் இணைப்புகளில் சுற்றிய ஆஸ்பெஸ்டாஸ் தாளுக்கும் இதே கவலை. ஆனால் விரிசலும் உதிர்வும் இல்லாமல் முழுசாக இருக்கும்வரை அது பெரிதாக நாரை உதிர்ப்பதில்லை. சுத்தியலால் உடைக்கும்போதும், மெஷின் வைத்து அறுக்கும்போதும்தான் காற்றில் பரவுகிறது. வயதைக் காரணம் காட்டி அவசரமாக உடைப்பதே ஆபத்தை உண்டாக்கும் வேலையாகிவிடும். நொறுங்கத் தொடங்கியிருந்தால் மட்டும், தண்ணீரில் நனைத்து, உடைக்காமல் முழுசாகக் கழற்றி, சுற்றிக் கட்டி அகற்ற வேண்டும்.

துடைத்தால் போதுமா, மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்வதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஊதுவத்தி ஒன்று போதும். மதியம் ஒரு முறை, இரவு படுக்குமுன் ஒரு முறை, அடுப்பு எரியும்போது ஒரு முறை வெண்டிலேட்டரின் வாயருகே பிடித்துப் பார்க்க வேண்டும். புகை வெளியே இழுபட்டால் வழி உயிரோடு இருக்கிறது. அசையாமல் நேராக ஏறினால் அடைப்பு; கீழ் ஜன்னலைத் திறந்ததும் அசைந்தால் அடைப்பு மேலே இல்லை, உள்வரும் வழியில்தான். உள்ளே திரும்பினால் வெளிக்காற்றின் தள்ளல், வாயின் திசையையோ உயரத்தையோ மாற்ற வேண்டும். ஆடியிலும் சித்திரையிலும் பதில் வேறாக இருக்கும் என்பதால் ஒரே நாள் சோதனையை நம்பிக் கொத்தனாருக்கு முன்பணம் கொடுக்கக் கூடாது. இத்தனையும் பார்த்தபின் காங்கிரீட்தான் என்று முடிவானால், திறப்பு விஷயத்தைத் தளம் போடுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, உலர்ந்த வெப்பப் பகுதிகளில் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கும், ஈரமான வெப்பப் பகுதிகளில் ஆறில் ஒரு பங்கும் ஜன்னல் திறப்பு கேட்கிறது. அந்த அளவு ஜன்னலோடு நின்றுவிடாமல், மாடிப்படி முகப்பின் உச்சியில் வலையடித்த திறப்பு, ஒவ்வோர் அறையிலும் லிண்டலுக்கு மேலே சாத்தும் பலகையோடு ஒரு வெண்டிலேட்டர், அடுப்படித் தளத்தில் ஆறு அங்குலக் குழாய்க்கு ஒரு துளை ஆகியவற்றைக் கம்பி கட்டும்போதே சொல்லிவிட்டால் செலவு மிகக் குறைவு. காங்கிரீட் இறுகியபின் அதே துளையைப் போட டிரில்லிங் ஆளைத் தேட வேண்டும், கம்பி அறுபடும், மழைக்கு அந்த இடம் ஒழுகத் தொடங்கும்.